தமாவந்துக்கு ஒரு வாயுபசாரம்

தெஹ்ரான்,
பஹ்மன் மாதம் 5.

அன்புள்ள ஹூமன் ஜானுக்கு, ஃபரங்கிஸ் எழுதுவது. நானும் நம் மகள் யல்தாவும் சௌக்கியம். கை கால்களை எண்ணிப் பார்த்தாயிற்று, எதுவும் குறையவில்லை. இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்று போகப் போகத் தெரியும்.

புஷெஹ்ரில் நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடற்காற்று வாங்குகிறீர்களாம். இங்கே நாலு நாள் விடாமல் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. தெருவில் எது கார், எது குப்பைத்தொட்டி என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரை மணி நேரம் மூச்சிரைக்கச் சுரண்டிச் சுத்தம் செய்தது நம்முடைய காரை. அவருடையது அதற்கு அடுத்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். யல்தாவுக்குக் கணக்குப் பரீட்சை தள்ளிப்போய்விட்டது. அவள் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் கம்பெனி போனில் மூன்று நிமிடம் கிடைக்கும், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல மலைக்குப் போனோம், ஏழு பேர். உங்கள் ஆருயிர் நண்பர் கியூமர்ஸ்தான் தலைவர். அவர் மனைவி மஹ்லகாவும் வந்திருந்தாள். பாதி உயரம் ஏறியதுமே எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் பழைய பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டது, அதன்மேல் புதுப் பனி முழங்கால் வரை ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. போதாததற்குக் காற்று முகட்டுப் பனியையெல்லாம் வாரிக்கொண்டுவந்து, நாம் எப்போதும் கடக்கும் அந்த ஓடைச் சரிவில் கொட்டி வைத்திருந்தது. கியூமர்ஸ் தடியால் குத்திப் பார்த்தார். பொத்தென்று, உள்ளே வெறுமையாக இருக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அவரோ, ஒவ்வொருவராக, நடுவில் நிற்காமல் கடந்துவிடலாம் என்றார்.

சரியாக அதே நேரத்தில் சரிவின் அந்தப் பக்கத்தில் இன்னொரு குழு வந்து நின்றது. கரஜ் ஊர்க்காரர்கள். அர்ஜ்மந்த் என்று ஒரு பெரிய மீசைக்காரர் அவர்களுக்குத் தலைவர். ஒரே நேரத்தில் ஒரே ஆள்தான் கடக்கலாம். அப்படியென்றால் யார் முதலில்? கேட்க வேண்டுமா, ஆரம்பித்துவிட்டது.

“வாங்க வாங்க, நீங்க முதல்ல!” என்று மீசைக்காரர் கையை நீட்டினார். “ஐயையோ, என்ன பேச்சு இது! பெரியவர் நீங்க நிக்கறப்போ நான் முந்தறதா?” என்றார் நம்மவர். “நான் உங்க காலடி மண்ணுங்க.” “அந்த மண்ணை எடுத்து நான் கண்ணுல ஒத்திக்கணும்!” “நீங்க வராம நான் கால் எடுத்து வெச்சா இந்த மீசையை எடுத்துடறேன்!” இப்படிக் கால் மணி நேரம். மஹ்லகா பொறுக்க முடியாமல், “ரெண்டு பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தொலைங்களேன், கால் மரத்துப்போச்சு” என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. துணி கிழிகிற மாதிரி அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. பிறகு சரிவு முழுவதும் அப்படியே கிளம்பிக் கீழே போய்விட்டது. வெண்தூசி அடங்கியதும் பார்த்தால் ஓடைப் பள்ளத்தையே காணோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் யாரும் இல்லை.

அப்புறம் அந்த மீசைக்காரர், “சரி, இப்பவாவது நீங்க முதல்ல போங்க!” என்றாரே பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பனியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அவர்கள் முகட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள். நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

கீழே தேநீர்க் கடையில் சூடான ஆஷ் சூப் குடிக்க உட்கார்ந்தோம். கியூமர்ஸ் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. தமாவந்து மலைக்கு வர்றியான்னு ஹூமனை நான் சும்மா வாயுபசாரத்துக்குத்தான் கேட்டேன். இந்தக் குளிர்ல எவன் ஏறுவான்? முடியாதுன்னு சொல்லுவான்னு பார்த்தா, ‘உன் உத்தரவு’ன்னுட்டான். கூப்பிட்ட நானே எப்படி வேணாம்னு சொல்றது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புஷெஹ்ருக்குக் கிளம்பும்போது நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? “அவன் அவ்வளவு ஆசையா கூப்பிடறான், மாட்டேன்னா மனசு ஒடிஞ்சுபோயிடுவான்” என்றீர்கள். அதை நான் சொன்னதும் மஹ்லகா தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு கழுதைங்க! ஒண்ணுக்கொண்ணு மரியாதை பண்ணிக்கிட்டே மேல போய்ச் சாகப்போகுதுங்க!”

ஆக, இந்த மாதக் கடைசி விடுமுறைக்கு, போக மனசில்லாத ஒருவர், போக மனசில்லாத இன்னொருவரை அழைத்துக்கொண்டு, பனி பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருக்கும் தமாவந்தில் ஏறப்போகிறார். கியூமர்ஸால் இதை நிறுத்த முடியாது, அழைத்தவர் அவர். உங்களால் முடியும். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டினேன். அதுவும் உபசாரம்தான்.

கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு உள்ளூர ஆசையும் கொஞ்சம் இருந்துவிட்டால்? அதனால் என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தொன்பது குளிர்காலமாக, நீங்கள் பெரிய சிகரம் ஏறக் கிளம்பும்போதெல்லாம் உங்கள் பையில் பேரீச்சம்பழத்தைத் திணித்து, வாசலில் நின்று, சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட மனசாரச் சொன்னதில்லை. நீங்கள் திரும்பி வரும்வரை யார் கதவைத் தட்டினாலும் கெட்ட செய்தியோ என்றுதான் எழுந்து போவேன். நீங்கள் என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டீர்கள், பாவம்.

நம் ஊரில் ஒன்றை முதல் தடவை சொன்னால் மரியாதைக்கு, இரண்டாம் தடவை சொன்னால் முறைக்கு. மூன்றாவது தடவைதான் நிஜம். மூன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போகாதீர்கள், ஹூமன் ஜான்.

போகாதீர்கள்.

போகாதீர்கள்.

கடவுள் உங்களை முழுசாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஃபரங்கிஸ்