எகிறி நிற்கும் இரண்டு புள்ளிகள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. எலும்பைத் தவிர மற்றபடி நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

"போதும்க்கா, வேலையைத் தூக்கிப் போட்டுட்டு இங்க வந்துடு" என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தான்தானே போட்டுக் கொடுத்தது? அவர் அரைகுறையாகச் சொல்லியிருப்பார். முழுசாக நான் சொல்கிறேன், கேள்.

எங்கள் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு அணுக்களில் சில, சொந்த எலும்பையே கரைக்கத் தூண்டிவிடுகின்றன. அதை ரத்தத்தில் அளக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆய்வகத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் கையை நீட்டுவதுதான் பழக்கம். நானும் நீட்டினேன், எங்கள் கணக்காளரம்மாவும் நீட்டினார்.

குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வரைபடத்தைக் கொண்டுவந்த மாணவன், "மேடம், நல்லா இருக்கறவங்க பக்கத்துல ரெண்டு புள்ளி மட்டும் எகிறி நிக்குது. எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும்" என்றான். எண்களைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். ஒன்று கணக்காளரம்மா, இன்னொன்று நான். இருவரும் ஸ்கேன் எடுத்தோம். இருவருக்கும் இடுப்பெலும்பு நன்றாகத் தேய்ந்திருக்கிறது.

ஆக, சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நலமானவர்கள் என்று எங்களுக்குப் பெயர் வைத்ததுதான் தப்பு. நடக்கிறார்கள், வேலைக்கு வருகிறார்கள், வேறென்ன பார்க்க வேண்டும் என்று விட்டிருக்கிறோம்.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். கட்டுரை சீக்கிரம் இதழுக்குப் போக வேண்டுமாம். புள்ளிகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, உடம்பைக் காரணம் காட்டி நானும் ஆராய்ச்சித் தலைமையிலிருந்து ஒதுங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லதாம். "வயசானா எலும்பு தேயத்தானேம்மா செய்யும்" என்று சிரிப்பு வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க முடி கொட்டினதுக்கு நீங்க பாக்காத டாக்டர் இல்ல சார். எங்க எலும்புக்கு மட்டும்தான் வயசாகுமா?" என்று கேட்டுவிட்டேன்.

நான் ஒதுங்கப் போவதில்லை. புதன்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. என் ஸ்கேனை எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எலும்பைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லத்தான் போகிறேன். தலைமையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; இருபது வருட உழைப்பு இது. அதற்காக இரண்டு பெண்களை அழித்துவிட்டு ஒரு படத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னால் முடியாது.

அது கிடக்கட்டும். குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது, "பெரிசா ஒண்ணும் இல்ல" என்று கடைசியில் ஒற்றை வரி எழுதியிருக்கிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா? நின்ற இடத்தில் வழுக்கியதற்கெல்லாம் நம் வயதில் எலும்பு முறியக் கூடாதடி. ஸ்கேன் எடு. வீட்டில் யாரையும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே. என்னை வரச் சொல்லாதே. திட்டு, சண்டை போடு, ஒரு மாதம் பேசாமல்கூட இரு. ஆனால் புதன்கிழமை நான் அவர்கள் முன்னால் எழுந்து நிற்கும் நேரத்தில், நீ அங்கே ஸ்கேன் மேசையில் படுத்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் துணை போதும்.

நூறு வயது நிமிர்ந்து நட.

உன்னை அதட்ட உரிமையுள்ள,
அக்கா