சோப்புத் தண்ணீரில் போன பதினெட்டு நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி குறைந்ததா? நான் நலம், காய்ச்சல் எதுவும் இல்லை. நோய் பரவுகிறதென்று எங்கள் விடுதி அறைகளைப் பூட்டி ஒரு மாதமாகிறது, அவ்வளவுதான்.

ஆனால் எரிச்சல் தலைக்கேறுகிறது. எங்கள் செஸ் குழுவில் எட்டுப் பேர். இப்போது ஜோடி ஜோடியாகப் போனில் ஆடுகிறோம், அவரவர் அறையில் அவரவர் பலகை. நாளுக்கு இரண்டு நகர்த்தல். எனக்கு ஜோடி மேல்மாடி வெல்டர் அண்ணன். பதினெட்டாம் நாள், நான் ஜெயிக்கப் போகும் நேரத்தில், "உன் குதிரை அங்க இல்லவே இல்லையே" என்கிறார். என் கண்ணெதிரே நிற்கிற குதிரை. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனை வைத்தேன். இரண்டு நாள் பேச்சே இல்லை.

நேற்று கை கழுவும்போதுதான் உறைத்தது. கிருமிக்குப் பயந்து காய்களையெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஞாபகத்திலிருந்து திரும்ப அடுக்கியவன் நான். வெட்கத்தை விட்டு அவரிடம் சொன்னேன்.

"நானும்தாண்டா கழுவினேன்" என்றார்.

எது சரியான பலகை என்று இனி யாருக்கும் தெரியாது. பதினெட்டு நாளும் பாழ்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரச் சத்தம் கேட்டால் பரவாயில்லை. அண்ணன் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். புது ஆட்டத்துக்கு அவர் போட்ட விதி ஒன்றுதான்: "இனிமே நாளுக்கு ஒரு காய் நகர்த்தினா போதும்டா. கதவை எப்பத் திறப்பாங்கன்னு தெரியல."

உங்கள் மகன்