நிலாவுக்குப் பின்னால் நாற்பது நிமிஷம்

பங்குனி 19, வியாழன்

காலையிலேயே வெயில். நேற்று உத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை. வீட்டுக்காரர், அவுக, தவறி இருபத்திரண்டு நாள், இந்த வருஷம் கோயில் கிடையாது. நூல் மில்லுக்கும் லீவு போட்டிருக்கிறேன்.

மகள் கவிதா போனில் காட்டினாள். நாலு பேர் நிலாவைச் சுற்றிவரக் கிளம்பிவிட்டார்கள். ஒரு பொம்பளையும் உண்டு. இறங்க மாட்டார்களாம். "அம்புட்டு தூரம் போயி வாசலோட திரும்புறதா?" என்றாள் மதினி. அவுக அக்கா, கூமாப்பட்டியிலிருந்து துணைக்கு வந்திருக்கிறாள். சிரித்துவிட்டேன். பொறவு வாயைப் பொத்திக்கொண்டேன்.

பங்குனி 21, சனி

சோப்பு. உளுந்து. கவிதா பாவாடைக்கு ஊக்கு.

வன்னியம்பட்டிச் சித்தி துக்கம் கேட்க வந்தார். கட்டிப்பிடித்து அழுதோம். நெஞ்சு வலி வந்ததும் அவர் உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்றார். மதினி முந்திக்கொண்டாள். "போட்டான் சித்தி. மில்லு வாசல்லயே போன வாங்கிப் பெட்டில போட்டுருவாங்க. இவ என்ன செய்வா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

பங்குனி 24, செவ்வாய்

முதல் ஷிப்ட் பழக்கம், நாலு மணிக்கே முழிப்பு. கவிதாவும் எழுந்துவிட்டாள். கப்பல் நிலாவுக்குப் பின்னால் போய்விட்டது. நாற்பது நிமிஷம் பேச்சு வராதாம், நிலா மறைக்குமாம். கீழே அத்தனை பேர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். குரல் வந்ததும் கவிதா கை தட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எனக்கு எதுவும் மறைக்கவில்லை. அவுக போன அன்று மில்லில் போனைப் பெட்டியில் போடவில்லை. இடுப்பில் செருகியிருந்தேன். மூன்று தடவை அதிர்ந்தது. அவுகதான் என்று தெரியும். காலையில் கோபத்தில் குழம்புச் சட்டியை அவுக தள்ளிவிட்டதற்கு, போன் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு அறுந்த நூலை முடிந்தேன். அந்த நேரம் அவுக பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பங்குனி 28, சனி

மேகம். நாலு பேரும் நல்லபடியாகக் கடலில் இறங்கிவிட்டார்கள்.

மதினி ஊருக்குக் கிளம்பினாள். முதலில் மில்லுக்குப் போய் வாட்ச்மேனை நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். "போன வாங்கி வைக்கலைன்னா எந்தம்பி பொழச்சிருப்பான்." அந்த மனுஷன் சாவுக்கு மாலை கொண்டுவந்தவர். மதினி செருப்பை மாட்டிவிட்டாள்.

"மதினி, போன் எங்கிட்டத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டேன். செருப்போடு அப்படியே வாசல்நடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன தடவ அடிச்சான்?"

மூணு என்றேன்.