காற்றில்லாத நாளில் ஊதிய சங்கு

1908 மார்ச் 3
நல்ல வடமேற்குக் காற்று. காற்றாலையின் பாய்களை விரித்துக் கட்டிவிட்டு, அரைக்க வரலாம் என்று ஊருக்குத் தெரிய மேலே ஏறிச் சங்கை ஊதினேன். கோதுமை மூட்டையோடு ஒருவரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் இந்த்ரி உயிரோடு இருந்தபோது சங்குச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் கழுதைகள் நிற்கும். அவர் போய் முப்பது நாள்கூட ஆகவில்லை.

கிணற்றடியில் ரொட்டிக்காரி மார்யானா என் காதுபடவே சொன்னாள்: "பொம்பளை அரைச்ச மாவுல ரொட்டி எழும்புமா?" போடி!

மார்ச் 6
காற்று. ஊதினேன். யாரும் இல்லை.

மார்ச் 11
பங்குச்சாமியார் வந்தார். ஆலை கோவிலுடையது, அதன் சரித்திரத்தை ஆயர் எழுதிக் கேட்டிருக்கிறாராம். அவர் எழுதி வந்த தாளைப் படித்துக் காட்டினார்: கட்டியது 1726. ஒருமுறை இடி விழுந்து கூரை போனது. ஆலைக்காரர்கள் ஏழு பேர், கடைசியாக இந்த்ரி. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தார்.

"ஜூன் மாசம் அருளப்பர் திருநாளுக்குள்ள ஊர் ஜனம் உங்கிட்ட அரைக்க வரலேன்னா ஆலையப் பூட்டச் சொல்லி ஆயர் எழுதிட்டாங்க, ரொசார்யா. நான் என்னம்மா பண்ண?"

பூட்டினால் நான் எங்கே போவேன்? பிள்ளையா குட்டியா?

மார்ச் 17
ஆறு நாளாக யாரோடும் பேசவில்லை. அரைகல்லோடு பேசினேன். கேட்டால் சிரிப்பார்கள்.

மார்ச் 20
இலை அசையவில்லை. ஊதினேன்! ஏன் ஊதினேன்? மனுஷ முகம் பார்க்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

காற்றில்லாமல் சங்கு கேட்டால் ஆபத்து என்று பொருள். கொள்ளைக் கப்பல்கள் வந்த காலத்து வழக்கம். அது மறந்தே போயிருந்தது எனக்கு. தடியும் மண்வெட்டியுமாக ஊரே ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால் மார்யானா, அடுப்புத் துடுப்போடு, செருப்பில்லாமல்.

"என்னடி ஆச்சு? எவன் வந்தான்? எங்க அவன்?"

"யாரும் வரல. அதுக்குத்தான் ஊதினேன்."

திட்டினார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?" என்றார் கொல்லர் சென்சு. ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். மார்யானா மட்டும் போகவில்லை. உள்ளே வந்தாள், காலியாகக் கிடந்த மாவுத்தொட்டியைப் பார்த்தாள், பாதத்தில் குத்திய முள்ளை எடுத்தாள்.

ஏப்ரல் 2
காற்று விடியும்போதே எழுந்துவிட்டது. ஊத வெட்கமாக இருந்தது, சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து மார்யானா கத்தினாள்:

"அடியே, காத்து வீணாப் போகுது! சங்கை ஊதாம என்னடி பண்றே? கழுதையோட எவ்வளவு நேரம் நிப்பேன்?"

மூன்று மூட்டை. மாவு கொஞ்சம் கொரகொரப்புதான். விரலில் தேய்த்துப் பார்த்தவள், "ம்," என்றாள்.

ஏப்ரல் 9
எழுத நேரமில்லை. வாசலில் ஆட்கள்.