மெழுகு ராஜாவின் கிண்ணம்

அன்பு மகள் பெரினுக்கு,

பாரிஸிலிருந்து உன் அப்பா மாத்துரேன் ஆசி சொல்லி எழுத வைப்பது. முழங்கால் வலி தவிர எனக்கு வேறு குறையில்லை. நீயும் குழந்தையும் சுகமாயிருக்க மரியன்னையை வேண்டுகிறேன்.

முதலில் நீ காத்திருக்கும் செய்தி. உன் புருஷன் ஜெர்வே நேற்று சிறையிலிருந்து வந்துவிட்டான். இரண்டு கையும் இருக்கிறது. காய்ச்சல் தணிந்ததும் வண்டியேற்றி அனுப்புகிறேன்.

நடந்ததை என் வாயாலேயே கேள். ராஜா குத்துப்பட்டுச் செத்ததும், வழக்கம்போல மெழுகில் அவர் உருவம் செய்து, தாடி ஒட்டி, கிரீடம் வைத்துப் பெரிய கூடத்தில் கிடத்தினார்கள். அடக்கம் வரை அதுதான் ராஜா. இரண்டு வேளையும் அதற்கு மேஜை போட வேண்டும். பிஷப் ஜெபம் சொல்வார். கை துடைக்க ஈரத்துணி நீட்டி, வறுத்த கோழி, வெள்ளை ரொட்டி, செர்ரிப் பழம் என்று வரிசையாக வைத்து எடுப்பார்கள். பிறகு எல்லாம் ஏழைகளுக்குப் போகும். ஒயின் ஊற்றும் வேலை ஜெர்வேயுடையது.

மூன்றாம் நாளிலிருந்து கிண்ணத்தில் இரண்டு விரல் அளவு ஒயின் குறைந்தது. மேஜை அதிகாரி அவன் வாயை முகர்ந்து பார்த்தார். வாடையே இல்லை. ஆனாலும், "மெழுகாடா குடிச்சுது? நீதான்டா!" என்று சிறையில் தள்ளினார். ராஜாவின் பங்கைக் குடித்தவனுக்குக் கையை வெட்டுவார்கள்.

அவன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று ராஜாக்களின் மெழுகுக்குப் பரிமாறியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். எழுத்து தெரியாவிட்டாலும் எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு என்பது மறக்கவில்லை. அந்த மூவருக்கும் வைத்த கிண்ணம் வைத்தபடியே திரும்பியது. பதினேழு வயதில் முதல் கிண்ணத்தை எடுத்து வரும்போது தளும்பி என் சட்டைக்கை நனைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதிகாரியின் காலில் விழுந்தேன். அவர் சிரித்தார். "சரி பெரியவரே, இன்னைக்குக் கடைசிச் சாப்பாடு. நீங்க ஊத்துங்க. கிண்ணம் குறைஞ்சா மருமகனை விட்டுடறேன். நிறைஞ்சே வந்தா ஒத்தைக் கையோட கூட்டிட்டுப் போங்க. நீங்க குடிச்சுடலாம்னு பாக்காதீங்க, பக்கத்துலயேதான் நிப்பேன்" என்றார்.

நான் சட்டைக்கைக்குள் கம்பளித் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டு போனேன். எடுக்கும்போது அதில் சாய்த்துவிடலாம் என்று கணக்கு. ஊற்றினேன், மெழுகுக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன், மண்டியிட்டேன். ஜெபம் முடிந்து கிண்ணத்தைத் தூக்கினேன். கனமே இல்லை. சாய்க்க அதில் ஒன்றும் இல்லை, மகளே. மெழுகின் தாடியில் சிவப்பாக ஒரு சொட்டு நின்றது.

அதிகாரி கிண்ணத்துக்குள் பார்த்தார். "ஜன்னலைத் திறங்க, ஆவி வெளியே போகட்டும்" என்றார். ஜெர்வேயை விடச் சொல்லி ஆள் அனுப்பினார். வெளியே வந்து சட்டைக்கையைப் பிழிந்தேன். கம்பளி காய்ந்தே இருந்தது.

எழுதிக் கொடுப்பவர் இங்கே நிறுத்தி, "பெரியவரே, இதையும் எழுதணுமா?" என்கிறார். எழுதச் சொன்னேன்.

முந்தைய மூன்று ராஜாக்களும் பாதிரியார் பக்கத்தில் இருக்க, சாகிறோம் என்று தெரிந்து செத்தார்கள். இந்த ராஜா வண்டியில் போகும்போது நொடியில் போனார். செத்தது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நாங்களும் வேளை தவறாமல் மேஜை போட்டோம்.

உன் கடிதத்தை எழுதிக் கொடுப்பவர் இன்றுதான் படித்துக் காட்டினார். ஜெர்வே சிறைக்குப் போன சேதி வந்ததிலிருந்து அவன் இடத்தில் ரொட்டியும் ஒயினும் வைக்கிறாயாம். காலையில் குறைந்திருப்பதைப் பார்த்துக் குழந்தை, "அப்பா வந்துட்டுப் போயிட்டாரு" என்று கை தட்டுகிறாளாம். எலி என்கிறாய். எலி ஒயின் குடிக்குமா, பெரின்? ஜெர்வே சங்கிலியில் கிடந்தான். வந்தது அவனில்லை.

இது கிடைத்ததும் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடு. அவன் வந்து உட்கார்ந்த பிறகு வை. அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வை.

எனக்கும் எண்பது ஆகிவிட்டது. நான் போனதும் என் நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு. தாத்தா வாசலில் நிற்கிறார் என்று குழந்தை சொன்னாலும் எனக்குத் தட்டு வைக்காதே. அப்போதுதான் நான் செத்தது எனக்குத் தெரியும்.

கடவுள் உங்கள் மூவரையும் ஒரே மேஜையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
மாத்துரேன்