நன்றி விருந்துக்குப் பிறகு

தேகால்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சுமியாத்திக்கு,

உன் கணவன் ஹர்ஜோனோ எழுதுவது. போன் செய்தால் உன் தங்கை லாஸ்மிதான் எடுக்கிறாள். அதனால் தாளும் பேனாவும் எடுத்துவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

வேனுக்குக் கிளட்ச் மாற்றியாயிற்று. டெம்பே சோயாத் துண்டு பொரிக்கிறேன் என்று இரண்டு முறை சட்டியைக் கருக்கினேன். உன் மிளகாய்ச் செடியில் ஏகப்பட்ட காய். பக்கத்து வீட்டார் கேட்காமலே பறிக்கிறார்கள், நானும் கண்டுகொள்வதில்லை. லாஸ்மியின் ஊரான வொனோசோபோவில் குளிர் அதிகமாமே, கம்பளிச் சட்டை போட்டுக்கொள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை இன்னும் வீங்குகிறதா?

போன சனிக்கிழமை, நீ போவதை நிறுத்திவிட்ட அந்தக் கூட்டத்துக்கு நான் போனேன். மார்புப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் சுகாதார நிலையத்து வராந்தாவில் கூடுவார்களே, அதற்குத்தான். பத்துப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன், கையில் ஒரு பை இறால் அப்பளத்தோடு. “என்ன ஹர்ஜோ ஐயா, உங்களுக்கும் கட்டியா?” என்று கூட்டத்தில் மூத்தவரான துமினா அக்கா கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

உன்னைப் பற்றிப் புகார் சொல்லத்தான் போனேன், மறைப்பானேன். இனிக் கட்டி இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று, நன்றி விருந்தும் வைத்தாயிற்று, அப்புறமும் குளிக்கக்கூட எழாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள், கடைசியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன்.

விருந்தில் என்ன நடந்தது என்று அக்கா விசாரித்தார். வழக்கப்படி குணமானவள்தானே மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டிக் கொடுக்க வேண்டும். நீ கத்தியைப் பிடித்தபடி நின்று அழுதாய். ஆனந்தக் கண்ணீர் என்று நான் ஊருக்கே அறிவித்து, கத்தியை வாங்கி நானே வெட்டித் தெருத் தலைவருக்குக் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு மாதம் முறை வைத்துச் சூப் கொண்டுவந்த தெருப் பெண்கள் மறுநாளிலிருந்து வரவில்லை. குணமானவள் வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை?

இதைக் கேட்டுத் துமினா அக்கா சிரிக்கவில்லை. “பயந்து அழுதவள, நல்லாயிட்டான்னு சொல்லி வாயடைச்சிட்டீங்களே. இனிமே அவ யார்கிட்டப் போய் அழுவா? சிகிச்சை நடக்கறப்ப பயப்பட ஏது நேரம்? எல்லாம் முடிஞ்சப்புறந்தான் அது வந்து நெஞ்சுல உக்காரும். நான் ஒரு வருஷம் கதவே தொறக்கல, ஐயா” என்றார். தன்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனதே இந்தக் கூட்டம்தான் என்றாள் இன்னொருத்தி. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாளாம். காய்ச்சல் மாத்திரையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னோடு சிகிச்சை எடுத்த வார்த்தினி இறந்த வாரம் நீ சாப்பிடாமல் கிடந்தாய். “அவ போயிட்டா, நீ இருக்க. அந்த நன்றிகூட இல்லையா உனக்கு?” என்று கத்தினேன். மறுநாள்தானே நீ பெட்டி கட்டினாய். நீ பிழைத்ததே போதும் என்றில்லாமல், சந்தோஷமாகவும் இரு என்று அடம்பிடித்துவிட்டேன் சுமி. என்னை மன்னித்துவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க என் வேனில் வருகிறோம் என்கிறார்கள் அந்தக் கூட்டத்துப் பெண்கள். “நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க, வாயத் தொறக்காதீங்க” என்று அக்கா உத்தரவு போட்டிருக்கிறார். வேண்டாம் என்றால் லாஸ்மியிடம் சொல்லி அனுப்பு, வரமாட்டோம். வந்தால் நீ உபசரிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம்.

இறைவன் உனக்குத் தூக்கத்தையும் கொஞ்சம் பசியையும் தரட்டும். அந்த நோய் திரும்பி வந்துவிடுமோ என்றுதானே பயப்படுகிறாய்? எனக்கும் அதே பயம்தான். இங்கே தனியாகப் பயப்பட முடியவில்லை. எப்படி இருக்கிறாயோ அப்படியே வீட்டுக்கு வா.

உன்,
ஹர்ஜோனோ