கல்லான மரத்தை யாரும் நம்புவதில்லை, கனகு

என் எதிர்மேசைக் கனகுவுக்கு,

நேற்று ஊட்டி தாவரவியல் பூங்காவில், நான் சுற்றிக் காட்டக் கூட்டிப்போன ஒரு மனிதர் என்னோடு சண்டை போட்டார். கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று கிடக்கிறதே, அதன் முன்னால்தான். "மரம் எப்படிங்க கல்லாகும்? சிமெண்டுல செஞ்சு வெச்சுப்போட்டு ஊரை ஏமாத்தறீங்க" என்றார். உன் வாய் எனக்கு இல்லை. பக்கத்திலிருந்த பலகையை மட்டும் காட்டினேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மற்றவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. கோத்தகிரி பக்கத்தில் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் நமக்கு எதிரெதிர் மேசை. தேயிலை விலை விழுந்தபோது, கொழுந்து பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடி தலைக்கு மேல் வளர்ந்து மரமானது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டே நாள் ஓடியது. எழுத ஒன்றுமில்லாத ஆபீசில் நமக்கு இருந்த ஒரே வேலை பேச்சு.

நீ நூலகத்தில் எடுத்து வந்த அறிவியல் புனைகதைகளைச் சொல்வாய். உன் விண்வெளி வீரர்கள் வேறு கிரகத்தில் இறங்கியதும் முதலில் கம்பளி தேடுவார்கள், பிறகு சாப்பாட்டுக்கு அலைவார்கள். அங்கே கதையை நிறுத்தி, "ஏம்புள்ள, அடுப்பே இல்லாம என்ன பண்ணித் திங்கலாம்?" என்பாய். அவலைத் தயிரில் ஊறவை, கேரட்டைத் துருவிப் போடு, பச்சைமிளகாய் கிள்ளிப் போடு, முடிந்தது என்பேன். இப்படி எத்தனை கிரகங்களுக்குச் சமையல் குறிப்பு கொடுத்திருக்கிறேன்! உனக்கோ வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். உன் வீட்டில் சமையல் முழுக்க உன் வீட்டுக்காரர் நடராஜ் அண்ணன்தான்.

ஒருநாள் மேனேஜர் வந்து, "ஆர்டர் வர்ற வரைக்கும் லீவு எடுத்துக்கங்க" என்றார். சம்பளமில்லாத லீவு. நான் அழுதேன். நீ ஜன்னல் வழியே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறிவந்த வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இத்தன பேரு எதுக்குப் புள்ள வர்றாங்க?"

"ஊரு பாக்க."

"அப்ப நாம காட்டலாமில்ல?"

நமக்கு ஊட்டி என்றால் ஆஸ்பத்திரியும் ஜாக்கெட் துணிக் கடையும்தான். கல்யாணமான புதிதில் தொட்டபெட்டாவுக்கு ஒருமுறை போய், மேகத்தைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பியவள் நான். அதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. நடராஜ் அண்ணனுக்குத் தெரிந்த வேன்காரர் மூலம் முதல் கூட்டத்தைப் பிடித்துவிட்டாய். ஈரோட்டு லாரிக்காரர் ஒருவர், குடும்பத்தோடு ஏழு பேர்.

அன்று அந்தக் கல்மரத்தின் முன்னால் நீ உண்மையைத்தான் சொன்னாய். "பொய்க்கும் ஒரு அளவு வேணுமுங்க அம்மணி" என்றார் லாரிக்காரர். முத்தோரை மலைச்சரிவில் நீளமாக நிற்கிற வானலைத் தொலைநோக்கியைக் காட்டி, "நட்சத்திரத்துல இருந்து வர்ற அலையை அது கேக்குதுங்க" என்றாய். "கோழிப் பண்ணைக்குக் கம்பி கட்டியிருக்கறாங்க, எனக்குத் தெரியாதா" என்றார். உன் முகம் சுருங்கிப்போனது.

எமரால்டு அணைக்கரையில் எல்லோருக்கும் அவல் பரிமாறினேன். நீ தண்ணீரைக் கைகாட்டி, மெதுவாக ஆரம்பித்தாய்.

"இந்தத் தண்ணிக்கடியில ஒரு கப்பல் கெடக்குதுங்க."

"எந்த ஊருக் கப்பலுங்க?"

"ஊரில்லீங்க. மேல இருந்து வந்தது."

லாரிக்காரர் வாயில் வைக்கப்போன கை நின்றது. "அதான பாத்தேன்! தண்ணி ஏன் இப்படி ஒரு நெறமா இருக்குதுன்னு!"

அப்போதே ஈரோட்டிலிருந்த மருமகனுக்குப் போன் போட்டார். கலெக்டருக்குத் தெரியுமா என்று கேட்டார். "தெரியுமுங்க, வெளிய சொல்லமாட்டாங்க" என்றாய் நீ, கண்ணைச் சிமிட்டாமல். போலீஸ் வரை போய்விடுமோ என்று பயந்து எழுந்து நின்று, "கதைங்க, இவ படிக்கிற கதைப் புத்தகத்துல இருந்து சொல்றா" என்று போட்டு உடைத்தேன்.

லாரிக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்த மரமும் பொய்தானுங்களே?"

கோத்தகிரியில் இறங்கிய பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். "ஒரே ஒரு நாள் நாஞ் சொன்னத நாலு பேரு ஒக்காந்து கேட்டாங்க. அது பொறுக்கலையா உனக்கு?"

மூன்று வாரம் பேச்சில்லை. சந்தையில் என்னைப் பார்த்தால் முட்டைக்கோசுக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். அந்தக் குவியல் உன்னை மறைக்காது என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். நடராஜ் அண்ணனுக்குக் காய்ச்சல். "ரசத்துக்குப் பருப்பு வேகோணுமா?" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம். புளியும் தக்காளியும் கரைச்சு, மொளகு சீரகம் தட்டிப் போட்டு, நுரை கட்டுனதும் எறக்கிரு."

"நுரைன்னா எந்த மாதிரி இருக்கும்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அடுப்படியில் ரசம் கூடிவரும்போது, "உன்னை நாலு பேரு முன்னால அப்படி விட்டுக் கொடுத்திருக்கக் கூடாது" என்றேன். "நானும் கதைன்னு சொல்லிப்போட்டு ஆரம்பிச்சிருக்கோணும்" என்றாய். அன்று முடிவானது: சாப்பாட்டுக்கு முன் உண்மை, சாப்பாட்டுக்குப் பின் கதை. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாம் காலையில் வேன் ஏறும்போதே, "கதை எப்பங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மூச்சு வாங்குகிறது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ, திரும்பி வரவே இல்லை. வழியனுப்ப வந்த என்னிடம், ஞாயிற்றுக்கிழமை வேனை மட்டும் விட்டுவிடாதே என்றாய். விடவில்லை. ஆனால் அவல் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு வேறென்ன தெரியும்? சமையல் குறிப்பு சொல்கிறேன். பெண்கள் போனில் குறித்துக்கொள்கிறார்கள். ஆண்கள் தூங்குகிறார்கள்.

நீ கடைசியாக எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நடராஜ் அண்ணன் தந்தார். கொடுக்கும் முன் படித்தேன். எட்டுப் பேர் ஒரு கிரகத்துக்குப் போகிற கதை, நீ எனக்குச் சொன்னதுதான். ஆனால் புத்தகத்தில் ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை, கனகு. கம்பளியும் இல்லை, அவலும் இல்லை, தேவகி என்று என் பெயரில் வந்த சமையல்காரியும் இல்லை. எட்டுப் பேரையும் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது நீதான். இன்னும் எத்தனை கதையில் இப்படிச் செய்தாய்?

இப்போது தேயிலை விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஃபேக்டரிக்கு வரச்சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். உன் மேசையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானே? என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முறைத்தார், பிறகு அவரே கேரட் துருவ ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு சேதி. அடுத்த மாதம் என் வீட்டுக்காரரும் நானும் நடராஜ் அண்ணனும் மேட்டுப்பாளையத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறோம், அங்கே ஊரைச் சுற்றிக் காட்டுகிற பஸ்ஸில் ஏறப்போகிறோம். நாங்கள் மூன்று பேரும் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. வழிகாட்டி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டேன், இது சத்தியம். இவர்கள் இருவரும் வாயைத் திறந்தாலும் பொத்திவிடுகிறேன். ஆனால் கடல் மட்டும் படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தால், அதை உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

உன்னைவிட ஆறே மாதம் மூத்த, கூடப் பிறக்காத அக்கா,
தேவகி